கல்லின் மேல் வழுக்கும் பாசியா, கல்லுக்கடியில் ஒளியும் பூச்சியா? தோட்டத்து ஓடையை எதைக்கொண்டு அளப்பது

கையில் கொஞ்சம் பணம், பாடசாலையில் இரவல் கேட்கக்கூடிய ஒரு நுணுக்குக்காட்டி, முடியாத ஒரு வாக்குவாதம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது இப்படித்தான். ஓடையை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எதைக்கொண்டு கவனிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

ஓடையைச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைக்கு மேலே, வெட்டாமல் மிஞ்சிய ஒரு காட்டுத் துண்டில் ஊறுகிறது. தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கி, லயத்துக்குப் பக்கத்தில் பீலியாக விழுந்து, அதற்குக் கீழே லீக்ஸும் கரட்டும் போட்ட மரக்கறித் தோட்டங்களைத் தாண்டிக் கொத்மலை ஓயாவில் சேர்கிறது. அங்கிருந்து மகாவலி. 335 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. பீலியில் நாம் துவைக்கும் சவர்க்காரத்துக்கும் கடலோரத்துக்கும் நடுவில் இருப்பது தூரம் மட்டும்தான்.

பாசி யோசனை வந்ததும் அந்தக் கடலோரத்திலிருந்துதான். கிழக்கில் பல்கலைக்கழகம் படிக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது களப்பைப் பற்றிச் சொன்னாள். வற்று நேரத்தில் கண்டல் மரங்களுக்கு இடையே சேற்றின் மேல் பொன்பழுப்பாக ஒரு மினுக்கம் படருமாம். அது சேற்றின் நிறமல்ல, டயற்றம் என்ற நுண்பாசிகள், கோடிக்கணக்கில். வெளிச்சம் பட்டதும் மேலே ஊர்ந்து வந்து, கடல் திரும்பி ஏறுவதற்கு முன்னால் மறுபடி சேற்றுக்குள் இறங்கிவிடும். அந்த மினுக்கத்தைச் சுரண்டி எந்த இனம் எவ்வளவு என்று எண்ணினால், அந்த இடத்துக்குக் கழிவும் உரமும் எவ்வளவு வந்து சேர்கிறது என்று படிக்கலாம். வெப்பமண்டலக் கடலோரங்களில் நுண்பாசிகளைச் சூழலின் நாடியாக வைத்திருப்பது இதனால்தான். பவளப்பாறை வெளுப்பதும் ஒரு வகையில் நுண்பாசியின் கதையே. கடல் சூடேறும்போது பவளம் தன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கரையில் அது நடந்தது.

ஆனால் களப்பில் ஒரு தலையிடி உண்டு. உப்பு. மழைக்கு உப்புக் குறையும், வெயிலுக்குக் கூடும், வற்றுக்கும் பெருக்குக்கும் மாறும். டயற்றக் கூட்டம் மாறினால் அது கழிவாலா உப்பாலா என்று பிரித்தறிய வேறு அளவீடுகள் வேண்டும். மலை ஓடையில் இந்தத் தொல்லை இல்லை. நன்னீர் ஒரே திசையில் ஓடுகிறது. காட்டுத் துண்டுக்குக் கீழே ஒரு கல், மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஒரு கல் எடுத்தால் ஒன்றுக்கொன்று ஒப்பீடு தயார். இந்த வித்தையைப் பழகக் கடலோரத்தைவிட மலைநாடே தோதான இடம் என்பேன். களப்பைப் பற்றிச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு இதில் கொஞ்சம் மனஸ்தாபம்.

சரி, மற்றக் கட்சிகளுக்கு வருவோம்.

முதல் கட்சி, நிறம் மாறும் சோதனைத் தாள். தண்ணீரில் தோய்த்து, நிறத்தைப் போத்தலின் அட்டையோடு ஒப்பிட்டால் நைத்திரேற்று இவ்வளவு என்று வரும். ஒரு நிமிட வேலை, யாரும் செய்யலாம். இளைஞர்களில் பாதிப்பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். எனக்கு இதில் இரண்டு குறை. தாள் காட்டுவது அந்த நிமிடத்தை மட்டும். தோட்டத்தில் மழையைப் பார்த்துத்தான் உரம் போடுகிறார்கள். மழை கொஞ்சம் பலத்தால் கான் வழியே ஓடைக்கு வருவது சில மணி நேரத்தில் வந்து போய்விடும். நாங்கள் சனிக்கிழமை காலை தாளோடு போய் நிற்கும்போது அது கொத்மலைக்குப் போயிருக்கும். இரண்டாவது, தாளின் படிகள் மிகப் பெரியவை. சாதாரண நைத்திரேற்றுத் தாளில் பூச்சியத்துக்கு அடுத்த படியே லீற்றருக்கு 10 மில்லிகிராம், அப்புறம் 25, 50 என்று தாவும். பாசியைக் கிளப்பிவிடும் பொஸ்பரசுக்கோ மில்லிகிராமே பெரிய அளவு. ஏரிகளில் மொத்தப் பொஸ்பரசு லீற்றருக்கு சுமார் 35 மைக்ரோகிராமைத் தாண்டினாலே போசணை மிகுந்தது என்ற வகைக்குள் போட்டுவிடுவார்கள். அந்த அளவைத் தாள் கண்டுகொள்ளவே மாட்டாது. ‘பூச்சியம்’ என்று காட்டும், நாமும் ஓடை சுத்தம் என்று எழுதிவிடுவோம்.

ஆய்வுகூடத்துக்குப் போத்தல் அனுப்புவது இன்னொரு கட்சி. எண் துல்லியமாக வரும், முத்திரை வைத்த கடதாசியும் வரும். யாரிடமாவது முறையிடப் போகிறோம் என்றால் அந்தக் கடதாசி இல்லாமல் முடியாது. ஆனால் ஐஸ் பெட்டி, பஸ், கட்டணம் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நம்மால் ஆகாது. அதுவும் அந்த நிமிடத்துத் தண்ணீர்தான். எதற்கு அனுப்புகிறோம் என்று தெரிந்த பிறகு அனுப்ப வேண்டியது இது. தொடக்கத்திலேயே செலவழிக்க வேண்டியதல்ல.

உண்மையான போட்டி பூச்சிக்கும் பாசிக்கும்தான்.

பூச்சிக் கட்சி என்றால், வேகமாக ஓடும் இடத்தில் ஒரு கல்லைத் தூக்கி, அடிப்பக்கத்தை வெள்ளைத் தட்டில் கழுவி, என்ன நெளிகிறது என்று பார்ப்பது. மூன்று வால் இழையோடு, வயிற்றின் இருபக்கமும் செவுள் அசைய ஒட்டிக்கொண்டிருப்பது மேஃப்ளையின் இளம்பூச்சி. மணலையும் இலைத் துணுக்கையும் பசை போட்டு ஒட்டி, குழல்போலச் சட்டை தைத்துக்கொண்டு இழுபடுவது கேடிஸ் புழு. இரண்டும் நல்ல தண்ணீரின் அடையாளம். கல்லுக்கடியில் சேறும் சிவப்பு நூல்போலச் சுருண்டு துள்ளும் புழுக்களும் மட்டும் என்றால் நிலைமை சரியில்லை. அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான். ஒட்சிசன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்க அதற்கு அது உதவுகிறது. தென்னாபிரிக்காவில் மினிசாஸ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீர்ப்பூச்சிகளை 13 கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இனப்பெயர் தெரிய வேண்டியதில்லை, கால் எத்தனை, வால் எத்தனை என்று பார்த்தால் போதும். தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் செய்து பார்த்தேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் அன்றைக்குத் தட்டை விட்டு நகரவே இல்லை. செலவு மா அரிக்கும் அரிதட்டு ஒன்று, வெள்ளைச் சோற்றுத் தட்டு ஒன்று.

பூச்சிகளுக்கு நினைவும் நீளம். பலவற்றின் நீர்வாழ்வு மாதக்கணக்கில். மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ பூச்சிமருந்துத் தாங்கியை ஓடையில் கழுவியிருந்தால் அந்த வெற்றிடம் இன்றைக்கும் தட்டில் தெரியும். கான் உடைந்து மண் இறங்கினாலும் தெரியும், கற்களின் இடுக்கு அடைபட்டால் அவற்றுக்கு வீடில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் பாசிப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், எங்கள் ஓடையின் சரிவு. நீர்ப்பூச்சி முறைகள் முதலில் வளர்ந்தது சாக்கடை கலந்து ஒட்சிசன் குறைந்த ஆறுகளை அளக்க. எங்கள் ஓடை அடிக்கு ஒரு தரம் கல்லில் மோதி நுரைத்துக் காற்றை அள்ளிக்கொண்டே இறங்குகிறது. உரம் எவ்வளவு கலந்தாலும் இந்தச் சரிவில் ஒட்சிசன் அவ்வளவு எளிதில் குறையாது. ஆகவே உரம் கூடிக்கொண்டே போகும்போதும் பூச்சிகள் நல்ல மதிப்பெண்ணே கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த உரம் சமதரைக்கு வந்து, தேங்கி, நீர்த்தேக்கம் பச்சையாகும்போதுதான் விஷயம் வெளியே வரும். 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகி அப்படித்தான் பச்சையானது. மலைநாட்டின் கேள்வி பெரும்பாலும் உரக் கேள்வி. உரத்தை நேராகத் தின்று வளர்வது பாசி. அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இதை எனக்கு முன்னால் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு கங்காணி. கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தபடி, “பீலிக்குக் கீழ கல்லு வழுக்குதுன்னா உரம் எறங்கியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாதாங்க டீச்சர்? இதுக்குக் கண்ணாடி வேற வேணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி. அந்த வழுக்கல்தான் டயற்றமும் மற்றப் பாசிகளும் அவை சுரக்கும் பசையும். விரல் நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா, மயிர்போல இழை நீள்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் முறைகள்கூட உண்டு. காசில்லாத முறை அது. எங்கள் பதிவேட்டில் முதல் நிரலே ‘வழுக்கல்’ என்று இப்போது இருக்கிறது.

வழுக்கலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கண்ணாடி. டயற்றம் என்பது ஒரே உயிரணு, சிலிக்காவால் ஆன பெட்டிக்குள். சவர்க்காரப் பெட்டியும் மூடியும் போல இரண்டு பாதி, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். அந்தக் கண்ணாடி ஓட்டில் உள்ள வரிகளையும் துளைகளையும் வைத்துத்தான் இனத்தைப் பிரிப்பது. வேலை இப்படி: ஓடையில் ஐந்து கல் எடுத்து, மேற்பரப்பைப் புதிய பல்துலக்கியால் தேய்த்துத் தட்டில் கழுவினால் தேநீர்ச் சாயத்தில் ஒரு நீர் வரும். அதை ஐதரசன் பேரொட்சைட்டில் சூடாக்கினால் உயிர்ப்பொருள் எரிந்து வெறும் கண்ணாடி ஓடு மிஞ்சும். 30 வீதக் கரைசல் தோலைச் சுட்டுவிடும், இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. அப்புறம் ஒரு கண்ணாடித் தகட்டில் உலர்த்தி, ஒளியை நன்றாக முறிக்கும் ஒரு பிசினில் பதிக்க வேண்டும். தண்ணீரில் வைத்தால் கண்ணாடிக்குள் கண்ணாடி போல ஓட்டின் வரிகள் கரைந்துவிடும். பிறகு 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் சுமார் 400 ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது.

கேட்கும்போதே களைப்பாக இருக்கிறதா? அதுதான் இந்தக் கட்சியின் பெரிய குறை. நிட்சியா பேலியா, கொம்போனீமா பார்வுலம் போன்ற டயற்றங்கள் கழிவையும் போசணையையும் தாங்குபவை. அவை கூடினால் செய்தி கெட்டது. ஆனால் நிட்சியாவுக்குள்ளேயே சுத்தமான நீரை விரும்புபவையும் உண்டு. பாடசாலை நுணுக்குக்காட்டியின் 400 மடங்கில் ‘இது நிட்சியா’ என்று சொல்லலாம், எந்த நிட்சியா என்று சொல்ல முடியாது.

இதற்குக் குறுக்குவழி என்று பலர் எடுப்பது பாமர் என்பவர் 1969இல் கொடுத்த சுட்டி. பாசியில் 20 சாதிகள் (சாதி என்றால் நெருங்கிய இனங்களின் கூட்டம், நிட்சியா ஒரு சாதி), ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் கடுமையான சேதனக் கழிவு, 15 முதல் 19 என்றால் இருக்கக்கூடும். நானும் ஆசையாகக் கூட்டிப் பார்த்தேன். நிட்சியாவுக்கு 3, நவிகுலாவுக்கு 3, சினெட்ராவுக்கு 2, கொம்போனீமாவுக்கு 1, மெலோசிராவுக்கு 1. பத்து வந்துவிட்டது. ஒரு கல்லில் ஒசிலடோரியா இழையும் இருந்தது, அதற்கு 5. ஆக 15, ‘கழிவு இருக்கக்கூடும்’. எந்த இடம்? காட்டுத் துண்டுக்குக் கீழே, மேலே ஒரு வீடுகூட இல்லாத இடம். சாதி அளவில் நின்றால் இதுதான் கதி. ஐரோப்பாவில் டயற்ற இனங்களுக்குத் தனித்தனி மதிப்பெண் போட்ட சுட்டிகள் இருக்கின்றன. ஆனால் அவை அந்த ஊர் ஆறுகளைப் பார்த்து எழுதியவை. இங்கே தேயிலை மண் புளிப்பு, அதிலிருந்து வடியும் நீரில் அமிலத்தை விரும்பும் யூனோஷியா போன்றவை இயல்பாகவே இருக்கும். ஆகவே சுட்டியின் எண்ணைத் தனியாக நம்பாமல், மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவதே நல்லது.

நான் விழுந்த இன்னொரு குழியையும் சொல்ல வேண்டும். முதல் தடவை ஓகஸ்டில் எடுத்தோம், ஒரு வாரம் அடித்த மழை விட்ட நான்காம் நாள். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே எடுத்த தகடுதான் எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்தது. எங்கும் அக்னாந்திடியம் என்ற மெல்லிய சின்ன டயற்றம். புத்தகத்தில் அது நல்ல நீரின் அடையாளம். ஒரு கிழமை அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் வெள்ளம் கல்லைச் சுரண்டி வழித்துவிட்டது. வெறும் கல்லில் முதலில் குடியேறும் முன்னோடி அந்த அக்னாந்திடியம், காடழிந்த இடத்தில் முதலில் முளைக்கும் புல்லைப் போல. வெள்ளத்துக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் விட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும். டயற்றக் கூட்டம் தன்னைப் புதுப்பிக்க எடுக்கும் காலம் அவ்வளவு, அது நினைவில் வைத்திருக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை அடிப்பதால் எங்களுக்குத் தோதான காலம் தை கடைசியிலிருந்து மாசி வரை. பதுளைப் பக்கத்தாருக்கு வடகீழ் மழை உண்டு, அவர்களின் நாட்காட்டி வேறு.

இத்தனை குறை சொல்லிவிட்டும் பாசிக்கே பணத்தைப் போடச் சொன்னேன். காரணம் ஒன்றே ஒன்று. பூச்சியைத் தட்டில் பார்த்து ஓடையில் விட்டுவிடுகிறோம், மிஞ்சுவது நாம் எழுதியது மட்டும். நாம் தவறாக எழுதினால் திருத்த வழியில்லை. சோதனைத் தாளின் நிறம் நாளைக்கே மங்கிவிடும். கண்ணாடி ஓடு அழுகாது. இன்றைக்கு எடுத்த தகட்டை இருபது வருடம் கழித்து, என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி எடுத்து மறுபடி எண்ணலாம். ஏரிகளின் அடிச்சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான வருடத்து டயற்றங்களை எடுத்துப் படிக்கிறார்களே, அதே காரணம்தான்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். தேயிலைக்கும் மரக்கறிக்கும் அது எப்பேர்ப்பட்ட அடி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓடைக்கு அது யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை. அதற்கு முன்னால் ஒரு போத்தல், நடுவில் ஒரு போத்தல், பிறகு ஒரு போத்தல் என்று கல்லைத் தேய்த்து யாராவது வைத்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கும். எங்கள் ஓடையில் யாரும் எடுத்து வைக்கவில்லை. என்னைக் கேட்டால் முழு வாக்குவாதத்துக்கும் இதுவே பதில்: இனத்தை அடையாளம் காணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வைக்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு இடத்தில் மட்டும் இந்த முடிவு செல்லாது. ஒன்று, தேங்கிய நீர். நுவரெலியாவில் 1873இல் வெட்டிய கிரகரி வாவியைப் போன்ற இடத்தில் கல்லைத் தேய்த்துப் பயனில்லை, அங்கே விஷயம் நீரில் மிதக்கும் பாசி. 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக் கயிற்றில் இறக்கி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று வாராவாரம் எழுதினாலே நற்போசணையாக்கத்தின், அதாவது போசணை கூடிப் பாசி பெருகுவதன், போக்கு தெரிந்துவிடும். பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல ஆடை படிந்தால் அதைத் தொடாமல் அறிவிக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் தரும் நஞ்சுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மற்றது பீலி. “இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?” என்று லயத்து அம்மாக்கள் கேட்டால் டயற்றமும் பதில் சொல்லாது, மேஃப்ளையும் சொல்லாது. ஓடை அழகாக இருக்கும், மேலே ஒரு மலசலகூடக் குழி கசிந்துகொண்டிருக்கும். அதற்கு 1982இல் இந்தியாவில் உருவான எளிய போத்தல் சோதனை இருக்கிறது. உள்ளே மருந்திட்ட தாள் துண்டு, நீரை ஊற்றி வைத்தால் மலக்கிருமி இருப்பதற்கு அடையாளமாக ஓரிரு நாளில் கறுத்துவிடும். கறுக்காவிட்டாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொல்வேன்.

கடைசியில் பணம் போன வழி: நுணுக்குக்காட்டிக்கு 100 மடங்கு எண்ணெய் வில்லை ஒன்று, கண்ணாடித் தகடுகள், அயடீன், மூடி இறுகும் சின்னப் போத்தல்கள். பூச்சிக்கு அரிதட்டும் சோற்றுத் தட்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தவை, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தரம் 8, 9 பிள்ளைகள் போவார்கள். டயற்றம் வருடத்துக்கு ஒரே தடவை, தையும் மாசியும் சந்திக்கும் நாட்களில், மூன்று இடம், இடத்துக்கு ஐந்து கல். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு போத்தல். ஒன்று நாங்கள் எண்ணிப் பார்க்க, மற்றது திறக்காமல் வாசிகசாலை அலுமாரியில்.

முதல் தொகுதியில் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தோம். பாசி கெடாமலிருக்க ஊற்றிய மதுசாரம் கசிந்து மூன்று போத்தலில் மை கரைந்துவிட்டது, எது காட்டுக் கல், எது லீக்ஸ் கல் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்போது பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டைப் போத்தலுக்குள்ளேயே போடுகிறோம்.